என் பெயர் பட்டியலில் இல்லை

5 மார்ச் 2024, செவ்வாய்

இடுப்பு பொருந்திவிட்டது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இன்று முதல் மறுபடி எழுதுகிறேன். ஆங்கிலம்தான் என் கைக்கு இலகு. கொன்வென்றில் பத்து வருடம் அப்படி வளர்த்தார்கள். ஆனால் றெஜினோல்ட் கல்கரியிலிருந்து வந்தால் மேசையில் கிடப்பதையெல்லாம் எடுத்துப் பார்ப்பான். என் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே தமிழ்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு பெண். முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும். சப்பாத்தை வெளியே கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். அது சரி. தலை சரியாக வாரப்படவில்லை.

"மாதா கோயிலிலை இருந்து அனுப்பினவை, அன்ரி. செவ்வாயும் வியாழனும் வருவன். என்ன உதவியெண்டாலும் சொல்லுங்கோ."

"நான் உம்முடைய தாயின்ரை தங்கச்சியோ, அன்ரி எண்டு கூப்பிட?"

"இல்லை, மிஸிஸ்..."

"மிஸிஸ் பஸ்தியாம்பிள்ளை."

பெயர் சுகந்தினி. கிளிநொச்சி. சைவப் பிள்ளை. நோயாளர் சந்திப்புக் குழுவில் ஆள் போதாமல் யாரையும் சேர்க்கிறார்கள் போலும். பகலில் இரண்டு பிள்ளைகள், இரவில் பாண் சுடும் தொழிற்சாலை. இதற்கிடையில் ஏன் இந்தத் தொண்டு என்று கேட்டேன். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம்.

"இந்த வயசிலையோ?"

"இஞ்சை வயசு கேக்கிறேல்லை. மார்க்ஸ் கேப்பினம். சமூகத்துக்கு என்ன செய்தனியெண்டும் கேப்பினம்."

"அப்ப நான்தான் உம்முடைய சமூகம்."

அவள் சிரித்தாள். பல்வரிசை நல்லது.

10 மார்ச், ஞாயிறு

பூசையை ஐபாட்டில் பார்த்தேன். முடிவில் நோயாளர் பட்டியலை ஒலிவாங்கியில் வாசிக்கும் வழக்கம் இந்தப் பங்கில் இருக்கிறது. பெயர், வீட்டு இலக்கம், வருத்தம், எல்லாம். ஆறாவதாக நான். "எமிலியானா பஸ்தியாம்பிள்ளை, இடுப்பு முறிவு, தனிமையில் வாடுபவர்."

வாடுபவர்.

அரை மணியில் எதிர்வீட்டு மிஸிஸ் அருளப்பு சூப்போடு வந்துவிட்டாள். கொன்வென்றில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். பரிசளிப்பு விழாக்களில் நான் மேடை ஏறும்போது என் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எமிலி அக்கா, உங்கடை பேரை வாசிச்சவை. கேட்டவுடனை எனக்கு நெஞ்சு பகீரெண்டுது."

சூப்பில் உப்பு இல்லை.

12 மார்ச், செவ்வாய்

என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். இன்றே எடுக்க வேண்டும் என்றேன்.

சுகந்தினி யோசித்தாள். "பட்டியலிலை இல்லாட்டி குழு என்ரை மணித்தியாலத்தைப் பதியாது, மிஸிஸ். நான் இஞ்சை வந்ததுக்கு வேறை ஒருத்தரும் சாட்சி இல்லை. கல்லூரியிலை இருந்து கேட்டால் நீங்கள்தான் சொல்லவேணும்."

என் சொல் ஒரு குழுவின் முத்திரையைவிடக் குறைந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். பெயர் எடுக்கப்பட்டது.

2 மே, வியாழன்

குளியலறையில் தண்ணீரின் சூடு பார்க்க அவள் உதவினாள். நாற்பது நிமிடம் சூடு பார்த்தாள். விரல்களுக்கிடையில் ஈரம் நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு கால்விரலாகத் துவாயால் ஒற்றினாள். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒருவன் இருக்கிறானாம். அவன் இவளை ஏசியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் சேர், தகவல் மேசையில் நில், நீல அங்கி தருவார்கள், முத்திரை வைத்த கடிதம் தருவார்கள் என்றானாம். அல்லது தென்னமெரிக்காவுக்கு இரண்டு கிழமை போய்ச் சுவர் கட்டிவிட்டு வா, படம் எடுத்துக்கொள் என்றானாம்.

"சரியாகத்தானே சொல்லியிருக்கிறான்" என்றேன்.

"அந்த மேசையிலை நிக்க இருபது பேர் வரிசையிலை நிக்கினம், மிஸிஸ். நான் போகாட்டி இன்னொருத்தர் நிப்பார். இஞ்சை நான் வராட்டி..."

"இஞ்சை நீர் வராட்டி?"

"ஒண்டுமில்லை. தேத்தண்ணி போடட்டோ?"

நல்ல பதில். ஆனால் தேநீரில் பால் கூடிவிட்டது. சொன்னேன். மறுபடி போட்டாள்.

20 ஜூன், வியாழன்

செவ்வாய் காலையில் படுக்கை விரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. கை நடுக்கம். மெத்தைவரை இறங்கிவிட்டது. சுகந்தினி வந்து பார்த்தாள். நான் சொன்னேன், தேநீர் என்று.

"ஓம், மிஸிஸ். தேத்தண்ணிக் கறை கெதியாத் தோய்க்கவேணும்" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. இன்று வரும்போது மெத்தைக்கு மேல் போட ஒரு பிளாஸ்ரிக் உறை கொண்டுவந்தாள். கடையில் தேநீருக்கென்று விற்கிறார்கள் போலும்.

15 ஓகஸ்ட், வியாழன். மாதா விண்ணேற்பு

மிஸிஸ் அருளப்பு கேக்கோடு வந்தாள். நாற்காலியில் அமர்ந்ததும் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உந்தப் பிள்ளை ஆர் அக்கா? கிழமையிலை ரெண்டு நாள் காணுறன். ஆள் வைச்சுப் பாக்கிற நிலைக்கு வந்திட்டியளோ எண்டு யோசிச்சன்."

"ஆங்கிலம் திருத்த வாறா" என்றேன். "விண்ணப்பம் ஒண்டு எழுதுறா. வாக்கியம் அமைக்கத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து சுகந்தினி தோய்த்த விரிப்புகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"ஓம் அன்ரி" என்றாள் அருளப்புவிடம். "மிஸிஸ் இல்லாட்டி நான் ஒரு வரி எழுதமாட்டன்."

புத்திசாலி. என்னை மிஸிஸ் என்றவள் அருளப்புவை அன்ரி என்றாள். அதையும் கவனித்தேன்.

அருளப்பு போன பிறகு, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, ஏன் வைத்தியம் என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகத்தான்.

2009-ல், சண்டை நடந்தபோது, சுகந்தினி படித்த பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாக இருந்ததாம். இவளுக்கு இருபத்திரண்டு வயது. "ஒரு ஆளின்ரை சேலைன் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஆணி அடிக்கக்கூடச் சுவர் இல்லை. டொக்டர் சொன்னார், கையை இறக்காதை எண்டு. மூண்டு மணித்தியாலம் இறக்கேல்லை. அந்த ஆள் தப்பேல்லை."

"அதை எழுதும். இப்ப எழுதுற இந்தக் குப்பையை விட அது நல்ல கதை."

"அதுக்கு ஆர் சாட்சி, மிஸிஸ்? டொக்டரும் இல்லை. ஆளும் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை." எண்ணெய்ப் போத்தலை மூடினாள். "இதுக்கு நீங்கள் இருக்கிறியள்."

24 செப்டெம்பர், செவ்வாய்

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். என்னைப் பற்றிய பகுதியை வாசிக்கத் தந்தாள். எண்பத்தொரு வயதுப் பெண். தனியாக வாழ்பவர். குளிப்பாட்டுதல், கழிவறைக்குக் கூட்டிச் செல்லுதல், நனைந்த படுக்கையை மாற்றுதல். வாரம் இரு நாள், மார்ச் முதல். கீழே, உறுதிப்படுத்துபவர் என்ற இடத்தில் என் பெயரும் தொலைபேசி இலக்கமும்.

"உங்களைக் கேக்காமல் அனுப்பமாட்டன். உங்களுக்கு ஏதும் ஆட்சேபனையோ?"

"காற்புள்ளிதான் ஆட்சேபனை" என்றேன். மூன்று இடத்தில் பிழை. சிவப்புப் பேனையால் திருத்தினேன்.

அவள் குனிந்து என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன். கையில் மை.

9 ஜனவரி 2025, வியாழன்

நேர்முகத்துக்கு அழைக்கக்கூடியவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. உறுதிப்படுத்தும் தொலைபேசி அழைப்புகள் முடிந்ததும் நாள் தருவார்களாம். இது மூன்றாவது முறை. அவளுடைய பரீட்சைப் புள்ளி இந்த வருடத்தோடு காலாவதியாகிறது. லொறி ஓட்டும் புருஷன், இதோடு சரி என்று சொல்லிவிட்டானாம். "இதுவும் இல்லையெண்டால் பாண்தான், மிஸிஸ்" என்றாள். ஆனால் முகம் முழுக்க வெளிச்சம். கேக் கொண்டுவந்தாள். காய்ந்து போயிருந்தது. சொன்னேன்.

கல்லூரி வேறு ஊரில். நான்கு மணித்தியாலப் பயணம். செப்டெம்பரில் தொடக்கம்.

செவ்வாயும் வியாழனும் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேக்கைத் துண்டு துண்டாக வெட்டி உறைபெட்டியில் வைத்தாள், நாளுக்கு ஒன்று எடுக்க வசதியாக.

15 ஜனவரி, புதன்

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. மத்தியானம் மூன்று மணி. மிஸிஸ் அருளப்பு எதிரே அமர்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். காது மந்தம் என்பதால் என் தொலைபேசி எப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருக்கும். அது அருளப்புவுக்கும் தெரியும்.

நல்ல ஆங்கிலம் பேசும் பெண். இளம் குரல். தன் பெயர், அலுவலகம், எல்லாம் முறையாகச் சொன்னாள். பிறகு எழுதியிருந்ததை வாசித்தாள். ஒரு சொல் விடாமல். குளிப்பாட்டுதல். கழிவறை. நனைந்த படுக்கை. என் காற்புள்ளிகள் சரியாகவே கேட்டன.

அருளப்புவின் விரல் தோடம்பழத்தில் நின்றுவிட்டது.

"இது உண்மையா, திருமதி பஸ்தியாம்பிள்ளை?"

"என்னை நானே பராமரித்துக்கொள்கிறேன்" என்றேன். "அந்தப் பெண் மரியாதையானவள். எப்போதாவது வருவாள். நான் அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பேன்."

மறுபடி கேட்டாள். இம்முறை மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல். ஒரு கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை என்றேன். ஏதும் சேர்த்துச் சொல்ல விரும்பினால் இம்மாதம் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணிவரை அழைக்கலாம் என்று ஓர் இலக்கம் தந்தாள். பூசைப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்தேன்.

"பாத்தியளே அக்கா" என்றாள் அருளப்பு. "டொக்டராக வேணுமெண்டால் என்ன பொய்யும் எழுதுவினம். உங்களைப் போய்..."

ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டேன். தோடம்பழம் புளித்தது.

16 ஜனவரி, வியாழன்

சுகந்தினி வந்தாள். அழைப்பு வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். நன்றி சொன்னாள். இன்று தண்ணீரின் சூடு மிகச் சரி.

21 ஜனவரி, செவ்வாய்

அவளுக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. நகவெட்டியும் கையுமாக என் காலடியில் இருந்துகொண்டுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"உறுதிப்படுத்தேல்லையாம், மிஸிஸ். விளக்கம் கேட்டிருக்கினம். பொய் எழுதினவள் எண்டு பதிஞ்சால் பிறகு ஒரு கல்லூரியும் என்ரை பேரைப் பாக்காது."

"ஒலி தெளிவாகக் கேட்கவில்லை" என்றேன்.

"அப்பிடியெண்டால் சுகம். ஒருக்கால் அவைக்கு எடுத்து, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஒரு நிமிஷம். நான் நம்பர் அடிச்சுத் தாறன்."

கணுக்காலை அவள் கை பிடித்திருந்தது. சின்ன விரல் நகம் இன்னும் வெட்டப்படவில்லை.

ஒருமுறை சொன்னதை மாற்றி, ஓர் எழுத்தர் பெண்ணிடம் நான் பிழை சொன்னேன் என்று சொல்வதா? கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். கடிதம் நிற்கும். குரல் காற்றில் போகும்.

"என்ன எழுதுவியள்?"

"என்ன எழுதவேணுமெண்டு எனக்கு நீர் சொல்லித் தரப்போறீரோ?"

"இல்லை." நகத்தை வெட்டி முடித்தாள். "ஒரு வரி காணும், மிஸிஸ். இந்தப் பிள்ளை என்னைக் குளிக்க வாக்கிறவள் எண்டு ஒரு வரி. மிச்சம் உங்கடை விருப்பம்."

28 ஜனவரி, செவ்வாய்

அவள் வந்தாள். எல்லாம் செய்தாள். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் போன பிறகு எழுத அமர்ந்தேன். நான்கு தாள் வீணானது. கொன்வென்றில் கற்ற சாய்வெழுத்து இன்னும் கையில் இருக்கிறது. அழகாக வந்தது.

30 ஜனவரி, வியாழன்

பத்தே முக்காலுக்கே துவாயும் சவர்க்காரமும் எடுத்து வைத்து, அங்கியோடு குளியலறை முக்காலியில் அமர்ந்துவிட்டேன். அவள் வந்து நேரம் போகாமல் இருக்கட்டும் என்று சூடுதண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அவள் வந்ததும் கடிதத்தை நீட்டினேன். கதவருகே நின்று வாசித்தாள். நல்ல கடிதம். நேரம் தவறாதவள், பணிவானவள், கடின உழைப்பாளி, உயர்ந்த ஒழுக்கம் உடையவள். இளமையில் பட்ட துன்பங்களையும் தொட்டிருக்கிறேன். வாரம் இருமுறை என் இல்லத்துக்கு வந்து என் தோழமையால் பயன்பெற்றவள் என்று முடித்திருக்கிறேன். அருளப்பு கையில் கிடைத்தாலும் கவலையில்லாத கடிதம்.

அவள் இரண்டு முறை வாசித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"அந்த வரி இல்லையே, மிஸிஸ்."

"எல்லாம் இருக்குது. வாசிக்கத் தெரிஞ்சவைக்கு விளங்கும்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மூடுறாங்கள்."

"கடிதம் இண்டைக்கே போகலாம்."

அவள் கடிதத்தை மடித்தாள். நான் மடித்த அதே மடிப்பில். கைகழுவும் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். நான் கொடுத்திருந்த என் வீட்டுத் திறப்பைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, வளையம் இறுகியிருந்தது. அதைக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"நீங்கள் எழுதினது எழுதினதுதான்" என்றாள். "உதின்படி நான் ஒருநாளும் இந்தக் குளியலறைக்குள்ளை வந்ததில்லை."

குனிந்து தண்ணீரை நிறுத்தினாள். வீணாகிறது என்று நினைத்திருப்பாள். பிறகு வாசலில் சப்பாத்து மாட்டும் சத்தம் கேட்டது. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வளர்ப்பு நல்லதுதான்.

முக்காலியிலிருந்து எழும்ப ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

31 ஜனவரி, வெள்ளி

நாலு நாற்பதுக்குப் பூசைப் புத்தகத்தை எடுத்தேன். இலக்கத்தை அடித்தேன். மூன்றாவது மணியொலியில் எடுத்தார்கள். அதே இளம் குரல். யார் பேசுவது என்று கேட்டாள்.

வாசல் மூடியிருந்தது. அருளப்பு தன் வீட்டில். அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

"மன்னிக்கவும், இலக்கம் மாறிவிட்டது" என்றேன்.

பரவாயில்லை, இனிய மாலை என்றாள்.

4 பெப்ரவரி, செவ்வாய்

பதினொரு மணி. பன்னிரண்டு மணி. பனி.

தேயிலை டின் காலி. அதை அவள்தான் வாங்கிவருவாள். நான் கேட்டதில்லை, அவள் விட்டதுமில்லை.

8 பெப்ரவரி, சனி

றெஜினோல்ட் அழைத்தான். "மம்மி, அந்தப் பிள்ளை வாறதோ?" வாறா என்றேன். நல்லது என்றான். அவனுக்கு அவசரம்.

கடையொன்றில் சுகந்தினியின் புருஷனைக் கண்டதாக அருளப்பு சொன்னாள். நேர்முகம் இல்லையாம். பெயரை நீக்கிவிட்டார்களாம். அவள் பகலிலும் பாண் தொழிற்சாலைக்குப் போகிறாளாம்.

"எப்பிடியோ உண்மை வெளியிலை வந்திடும் அக்கா" என்றாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். எழுந்து போய், வெளியே பதினான்கு பாகை உறைகுளிர் இருக்க, யன்னலைத் திறந்து வைத்தாள். இப்போது சாய்கதிரையில் இருப்பதில்லை, மரக்கதிரையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

கேக் துண்டுகளில் இரண்டு மீதம்.

13 பெப்ரவரி, வியாழன்

கோயிலிலிருந்து கதவுக்கு அடியில் ஒரு படிவம் தள்ளியிருந்தார்கள். நோயாளர் சந்திப்புப் பட்டியலைப் புதுப்பிக்கிறார்களாம். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டுமா, வேண்டாமா. குளிக்க, உடுக்க, படுக்கை மாற்ற உதவி தேவையா, இல்லையா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதுரம்.

தேவை இல்லை என்று நான்கு இடத்திலும் எழுதினேன். கையெழுத்து நடுங்கவில்லை. அருளப்புவிடம் கொடுத்தனுப்பினேன், திறந்தபடியே.

விரிப்பில் இன்று காலையும் தேநீர். வீட்டில் தேயிலை முடிந்து ஒன்பது நாள்.